பருப்பு அவியாத கிணறுகள்

அந்த மாணவியை நான் விரும்பித் தெரிவுசெய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவளைப் பற்றிக் கேட்கிறவர்கள், அவளுக்குள் இருந்த திறமையை நான் முன்கூட்டியே கண்டுகொண்டேன் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. துறைத்தலைவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில்தான் அவளை எடுத்தேன்.

கிளிநொச்சியில் விவசாயம் படிப்பிக்கும் ஒரு பீடத்தில் மண், நீர் பற்றிய பாடங்களை எடுக்கிறேன். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து அறிக்கை எழுத வேண்டும். அதை மேற்பார்வை செய்ய விரிவுரையாளர் ஒருவர் வேண்டும். அந்த வருடம் யாருக்கு யார் என்று பிரிப்பதற்காகக் கூடினோம். மாணவர்களின் பெயர்களைப் புள்ளி வரிசையில் அச்சடித்து ஆளுக்கொரு தாளாகத் தந்திருந்தார்கள். மேலே இருந்த பெயர்களுக்கு ஒரே போட்டி. நடுவில் இருந்தவை மெல்ல மெல்லப் போயின. கடைசிப் பெயர் மட்டும் மிஞ்சியது. துறைத்தலைவர் பேனையை மூடிக்கொண்டு சொன்னார்:

"அதுக்கு ஆரும் ஒரு கேள்விக்கொத்தைக் குடுத்து விடுங்கோ. நாலு வீட்டுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வரட்டும். அதுக்கு மேல அதால ஏலாது."

'அது' என்றார். கூட்டத்தில் இருந்த யாருக்கும் அது உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது. பழைய கணக்கு ஒன்றும் அவரோடு எனக்கு இருந்தது. முந்தின வருடம் என் பாடத்திட்டத்தை என்னைக் கேட்காமலே மாற்றியிருந்தார்.

"என்னட்ட விடுங்கோ சேர்," என்றேன். "ஆனால் கேள்விக்கொத்து இல்லை. ஆய்வுகூடத்தில நிண்டு செய்யிற வேலை."

அவர் சிரித்தார். "பாப்பம்," என்றார்.

அப்போது நான் தகுதிகாண் காலத்தில் இருந்த விரிவுரையாளர். வேலை நிரந்தரமாவதற்கு அவருடைய கடிதம் வேண்டும். அது தெரிந்தும்தான் கையை உயர்த்தினேன். பெயருக்குரிய பிள்ளையின் முகம்கூட எனக்கு ஞாபகத்தில் வரவில்லை. வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து எழுதிவிட்டுப் போகும் பலரில் ஒருத்தியாக இருந்திருப்பாள்.

அடுத்த திங்கட்கிழமை வந்தாள். கதவுக்கு வெளியே கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லி, கதிரையைக் காட்டி, இருக்கச் சொல்லி, மூன்று தரம் சொன்ன பிறகுதான் நுனியில் இருந்தாள். நான் நான்கு தலைப்புகளை எழுதி வைத்திருந்தேன். உண்மையில் அவை என்னுடைய கட்டுரைகளுக்குத் தேவையான தலைப்புகள். தாளைக் கொடுத்தேன். மெதுவாக இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மேசையில் வைத்துவிட்டாள்.

"மிஸ், ஒண்டு கேக்கலாமா?"

"கேளுங்கோ."

"எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியில பருப்பு அவியாது. எவ்வளவு நேரம் எரிச்சாலும் சிறுகல்லு மாதிரித்தான் கிடக்கும். வாய்க்கால் கரையில சித்தி வீடு இருக்கு. அங்க அதே பருப்பு கெதியாக் கரைஞ்சிடும். ரெண்டு வீட்டுக்கும் இடையில நடந்து போற தூரம்தான். அது ஏன் மிஸ்?"

பாதிப் பதில் எனக்குத் தெரியும். தண்ணீரில் சுண்ணம் போன்ற உப்புகள் கூடுதலாகக் கரைந்திருந்தால் பருப்பு மெதுமையாகாது. அதைத் தண்ணீரின் வன்மை என்கிறோம். முதலாம் ஆண்டிலேயே படிப்பிக்கிற விசயம். ஆனால் நடந்து போகிற தூரத்தில் இரண்டு கிணறுகள் ஏன் அவ்வளவு வேறுபட வேண்டும்? அது எனக்குத் தெரியவில்லை. மாணவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் 'இது சோதினைக்கு வருமா மிஸ்' என்பதுதான். எனக்குப் பதில் தெரியாத கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

என் தாளை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். "இதுதான் உங்கட ஆய்வு," என்றேன்.

அவளுடைய ஊர் ஸ்கந்தபுரத்துக்கு அங்கால். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு இறங்கி வந்து, காடு வெட்டிக் குடியேறிய சனத்தின் பிள்ளை அவள். அந்தக் குடியிருப்பை எல்லோரும் காலனி என்று சொல்வார்கள். காலனியிலும், வாய்க்கால் கரையிலும், இரண்டுக்கும் இடைப்பட்ட வயல்வெளியிலுமாக முப்பத்திரண்டு கிணறுகளைத் தெரிவுசெய்தோம். எல்லாவற்றிலும் தண்ணீர் எடுக்க வேண்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை.

கையோடு கொண்டுபோய்க் கிணற்றடியிலேயே அளக்கக்கூடிய கருவி ஒன்று துறையில் இருந்தது. அது துறைத்தலைவரின் அறை அலுமாரிக்குள் இருந்தது. அதை எடுக்க அவருடைய கையொப்பம் வேண்டும். நான் போகும்போதெல்லாம் அவர் கூட்டத்தில் இருந்தார். நான்காம் தரம் திரும்பி வரும்போது முடிவெடுத்தேன். அவருடைய கருவி எங்களுக்குத் தேவையில்லை. பழைய முறையிலேயே செய்வோம். ஒவ்வொரு போத்தல் தண்ணீரையும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, சாயம் கலந்து, மேலே மாட்டிய கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைத் துளித்துளியாக விட வேண்டும். வைன் நிறச் சிவப்பு நீலமாக மாறுகிற அந்தத் துளியில் நிறுத்தி, எவ்வளவு மருந்து செலவானது என்று வாசிக்க வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. ஆனால் கருவி பொய் சொன்னாலும் இது சொல்லாது.

முதல் நாள் அவள் ஏழு குடுவைகளைப் பழுதாக்கினாள். நீலம் வந்த பிறகும் கை திருகியை மூடவில்லை. "நீலமாக்கிற அந்த ஒரு துளியோட நிப்பாட்ட வேணும்," என்றேன். "அந்த ஒரு துளி எது எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். "சிவப்பு யோசிக்கத் தொடங்கும். அப்ப." அவளுக்கு அது விளங்கிவிட்டது. மூன்றாவது கிழமை அவளுடைய கை என் கையைவிட உறுதியாக இருந்தது.

வார இறுதிகளில் பேருந்தில் ஊருக்குப் போய், உரப்பையில் போத்தல்களைக் கட்டிச் சைக்கிளில் வீடு வீடாகப் போனாள். முதல் முறை கொண்டுவந்த போத்தல்களில் இலக்கங்கள் இல்லை. 'பலாமரத்து வீடு', 'நாய் கடிக்கிற வீடு', 'கதவில்லாத வீடு' என்று எழுதி ஒட்டியிருந்தாள். ஆய்வில் இப்படி எழுதக்கூடாது, இலக்கம் போட வேண்டும் என்று ஏசினேன். அடுத்த முறை இலக்கமும் இருந்தது, அதற்குக் கீழே நாய் கடிக்கிற வீடும் இருந்தது. விட்டுவிட்டேன்.

ஒருநாள் நானும் என் ஸ்கூட்டரில் போனேன். அவளுடைய அம்மா வாசலுக்கே வந்து கூப்பிட்டா. தேத்தண்ணி தரும்போது, "ஆடை படிஞ்சிருக்குங்க டீச்சர். ஊதிட்டுக் குடிங்க," என்று சொன்னா. மேலே எண்ணெய் படர்ந்தது போல ஒரு மெல்லிய படலம் மிதந்தது. அதுவும் வன்மையின் வேலைதான். தேயிலையை வளர்த்த குடும்பம், வாயில் வைக்க முடியாத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்தது. அங்கேதான் இன்னொன்றையும் கவனித்தேன். வளாகத்தில் 'ஓம் மிஸ்' என்கிறவள் வீட்டில் அம்மாவிடம் 'ஆமா' என்றாள். குரலே வேறாக இருந்தது. உரத்த குரல். சிரித்தாள்கூட. எங்கள் பீடத்தில் நான்கு வருடமாக அவள் அந்தக் குரலை ஒளித்து வைத்திருந்தாள்.

திரும்பும் வழியில் ஒரு வீட்டுக்காரர் படலையடியில் மறித்துக் கேட்டார், பைப் தண்ணி வரப்போகுதா என்று.

"இல்ல மாமா," என்றாள். "ஒண்ணும் வராது. நான் அளக்குறேன், எழுதுறேன். அவ்வளவுதான்."

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "எத்தினையோ பேர் வந்து, வரும் வரும் எண்டு எழுதிக்கொண்டு போனவை மிஸ். நானும் அப்பிடிச் சொல்லேலாது," என்றாள்.

பிரச்சினை, அளவுகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு தொடங்கியது. என்னிடம் ஒரு கருதுகோள் இருந்தது. கிணறு ஆழமாக ஆழமாகத் தண்ணீரின் வன்மை கூடும் என்பது. அவளுடைய முன்மொழிவில் அதை நானே என் கையால் எழுதியிருந்தேன். வரைபடத்தில் புள்ளிகளைக் குறித்துப் பார்த்தபோது பெரும்பாலானவை நான் சொன்ன கோட்டில் வடிவாக வந்து இருந்தன. வாய்க்கால் கரையில் இரண்டு ஆழமான கிணறுகள் மட்டும் கோட்டுக்குக் கீழே கிடந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏழு புள்ளிகள் கோட்டுக்கு மேலே எங்கேயோ நின்றன. ஆழம் குறைந்த கிணறுகள், ஆனால் வன்மை மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல். ஏழும் காலனிக் கிணறுகள்.

"போத்தல் சரியாக் கழுவேல்லைப் போல. திருப்பி எடுங்கோ," என்றேன்.

திருப்பி எடுத்தாள். அதே அளவு. மூன்றாம் முறையும் அதே அளவு.

"சரி. இப்பிடி ஒண்டு ரெண்டு ஆய்வில வாறதுதான். இந்த ஏழையும் எடுத்துப்போட்டு மிச்சத்தை எழுதுங்கோ. கோடு வடிவா வரும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அதில ஒண்டு எங்கட வீட்டுக் கிணறு மிஸ்."

"அதுக்கு?"

"அந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் நான் வளந்தனான். அது பிழையெண்டு எப்பிடி எழுதுறது? நான் மூண்டு தரம் அளந்தனான். கோடுதான் பிழை."

எனக்குக் கோபம் வந்தது. "ஆய்வு எண்டுறது உங்கட வீட்டுக் கதை இல்லை," என்று சொல்லிவிட்டேன். சொன்ன தொனியும் நல்லதல்ல. அவள் தாள்களை அடுக்கிக் கோப்புக்குள் வைத்தாள். கும்பிடு போடுவது போலத் தலையை அசைத்தாள். போய்விட்டாள்.

பன்னிரண்டு நாள் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. விடுதியில் விசாரித்தேன், ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். முதல் இரண்டு நாள் திமிர் பிடித்த பிள்ளை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் என்னுடைய சொந்த ஆய்வு ஞாபகத்துக்கு வந்தது.

நானும் ஒரு காலத்தில் இறுதியாண்டு மாணவி. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து வந்து, இடையில் விட்ட படிப்பைத் தொடர்ந்தவள். பரந்தன் பக்கத்து உப்பேறிய வயல் நிலத்தில் நெல் போட்டு, எந்த அளவு உப்பில் பயிர் சாகிறது என்று பார்த்தேன். சாக வேண்டிய இரண்டு பாத்திகள் சாகவில்லை. பச்சையாக நின்றன. என் மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, "இதை விடும், கணக்கைக் குழப்பும்," என்றார். விட்டேன். அந்த இரண்டு பாத்திகளும் அறிக்கையில் இல்லை. எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அந்தப் புள்ளியில்தான் இந்த வேலைக்கு வந்தேன். அவை ஏன் பிழைத்தன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த நிலத்தில் இப்போது கடைகள் கட்டிவிட்டார்கள். இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

அவளுக்கு நான் சொன்னதும் அதே வசனம்தான். சொற்கள் மட்டும் வேறு.

பதின்மூன்றாம் நாள் காலை, நான் அறையைத் திறக்கும்போது அவள் கதவுக்கு வெளியே நடையில் நின்றாள். கையில் சுருட்டிய பெரிய தாள். சுவரில் மாட்டுகிற கலண்டரின் பின்பக்கம். மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் என் புத்தகங்களை எடுத்து வைத்தாள். கேட்டு எடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

கையால் கீறிய வரைபடம். வாய்க்கால் நீலப் பென்சிலில் ஓடியது. ஓரிடத்தில் நீலம் நின்று, அதற்கப்பால் சிவப்பில் புள்ளிக்கோடாகத் தொடர்ந்தது. முப்பத்திரண்டு கிணறுகளும் இருந்தன.

"வாய்க்கால் கரையால முழுக்க நடந்தனான் மிஸ். ரெண்டு பக்கமும். நீலம் தண்ணி ஓடுற இடம். சிவப்பு வெட்டினது மட்டும். அதுக்குள்ள தண்ணி ஒருநாளும் வந்ததில்லை. இப்ப ஆடு கட்டுறவை."

என் அறைச் சுவரில் அந்தப் பிரதேசத்தின் நீர்ப்பாசன வரைபடம் தொங்கியது. அதில் வாய்க்கால் காலனிக்குள் போய், அதைத் தாண்டியும் ஓடியது. அதைக் காட்டினேன்.

"ஓம். படத்தில ஓடுது," என்றாள்.

பிறகு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். பருப்பு அவிகிற கிணறுகள் எல்லாம் நீலத்தின் கரையில். அந்த இரண்டு ஆழமான கிணறுகளும் அங்கேதான். வாய்க்கால் தண்ணீர் மண்ணுக்குள்ளால் ஊறி அந்தக் கிணறுகளுக்குப் போய் வன்மையைக் குறைக்கிறது. வாய்க்காலுக்குத் தூரத்தில் இருந்தவர்கள் தண்ணீர் காணாமல் ஆழமாக வெட்டினார்கள். அதனால்தான் ஆழமான கிணறுகளில் வன்மை கூடுதல் என்று எனக்குத் தோன்றியது. காலனியில் பாறை தட்டியதால் ஆழமாக வெட்டவும் முடியவில்லை. ஆழமில்லை, வாய்க்காலும் இல்லை. அந்த ஏழும் அவைதான்.

ஆழம் காரணமே இல்லை. நான் வருடக்கணக்காகப் படிப்பித்த ஒன்றை ஒரு கலண்டர்த் தாள் கவிழ்த்துவிட்டது.

"நான் பிழை," என்றேன். "அண்டைக்குக் கதைச்சதும் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தாளின் மூலையில் இருந்த புத்தகத்தை நேராக்கிக்கொண்டு கேட்டாள்: "அப்ப ஏழையும் போடலாமா மிஸ்?"

"ஏழும்தான் முதல் வரவேணும்."

ஆனாலும் அடுத்த நாள் நானே போய் அந்த வாய்க்காலுக்குள் இறங்கி நடந்தேன். நம்பாமல் அல்ல. அவளுக்காக நான் பேச வேண்டி வரும் என்று தெரிந்திருந்தது. பேசுகிறவள் பார்த்திருக்க வேண்டும். வெடித்த மண்ணில் செருப்பு சிக்கியது. ஓரிடத்தில் உண்மையாகவே இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன.

முன்னேற்ற அறிக்கை வாசிக்கும் நாள் வந்தது. மாணவர்கள் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அவளுக்கு ஆங்கிலம் தடக்கும். ஒரு கிழமையாக வெறும் வகுப்பறையில் சொல்லிச் சொல்லிப் பழகினோம். தொடக்கம் நன்றாகவே போனது. வாய்க்கால் வரைபடம் திரையில் வந்ததும் துறைத்தலைவர் கையை உயர்த்தினார்.

வாய்க்கால் இங்கே முடிகிறது என்று எந்த ஆவணத்தில் இருக்கிறது, நீர்ப்பாசனத் திணைக்களத்து வரைபடம் வேறு மாதிரிக் காட்டுகிறதே, உனக்கு யார் சொன்னது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அடுத்தடுத்துக் கேட்டார். முன்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். சுட்டுகிற கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழும்பப் போனேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

"நான் நடந்தனான் சேர்," என்றாள்.

"இங்கிலிஷ்ல."

"ஐ வோக்ட், சேர்."

துறைத்தலைவர் பேனையை மூடினார். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

பின்னேரம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அவர் ஒருபோதும் குரலை உயர்த்துவதில்லை.

"அந்த வாய்க்கால் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்லுங்கோ. வன்மை அளந்தது காணும். எங்கட பிள்ளையளுக்குப் பயிற்சிக்கு இடம் தாறதே அந்தத் திணைக்களம்தான். அவையின்ர படம் பிழையெண்டு எழுதி அனுப்பினா நாளைக்கு வாசலுக்கும் விடமாட்டினம்."

"படம் பிழைதானே சேர். நானும் போய்ப் பாத்தனான்."

"இது விவசாய ஆய்வா, காணிப் பிரச்சினையா? அந்தப் பக்கத்துச் சனம் எப்பவும் குறை சொல்லுற சனம். அந்தக் கதையை நீங்களும் தூக்கிக்கொண்டு திரியாதேங்கோ."

"சனம் ஒண்டும் சொல்லேல்லை சேர். முப்பத்திரண்டு கிணறு சொல்லியிருக்கு."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "உங்கட கடிதம் இன்னும் என்ர மேசையிலதான் கிடக்கு. தெரியுந்தானே?"

தெரியும்.

"அது உங்கட மேசையிலயே கிடக்கட்டும் சேர்," என்றேன். "அத்தியாயம் அறிக்கையில கிடக்கும். பிழையெண்டு நினைச்சா நீங்களும் ஒருக்கா அந்த வாய்க்கால் வழிய நடந்து பாருங்கோ. நான் ஸ்கூட்டர்ல கூட்டிக்கொண்டு போறன்."

வெளியே வந்து கழிவறைக்குள் போய் முகத்தைக் கழுவினேன். அழவில்லை. அழுகிற அளவுக்குப் பயமும் இல்லை, நிம்மதியும் இல்லை. ஒரே ஒரு விசயம் திரும்பத் திரும்ப ஓடியது. என் இரண்டு பாத்திகளுக்காக அன்றைக்கு ஒருவரும் இப்படிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரவில்லை. நான்கூட வரவில்லை.

அத்தியாயம் அறிக்கையில் இருந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பரிசோதகர் அந்த வரைபடத்தையே நீண்ட நேரம் பார்த்தார். மூலப்பிரதி எங்கே என்று கேட்டார். அவள் கலண்டர்த் தாளை எடுத்து விரித்தாள். மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்து, எந்தக் கடைக் கலண்டர் என்று கேட்டுச் சிரித்தார். அவ்வளவுதான். ஆனால் முடிவு வந்தபோது அவளுக்கு நடுத்தரப் புள்ளிதான். ஆங்கிலமும் வடிவமைப்பும் போதாது என்று எழுதியிருந்தார்கள். பீடத்தின் மாணவர் ஆய்வரங்குக்கும் அந்த ஆய்வு தெரிவாகவில்லை. காரணம் எழுதப்படவில்லை. நான் எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. மீண்டும் எழுதினேன்.

"விடுங்கோ மிஸ்," என்றாள் அவள். "இஞ்ச வாசிக்கிறதுக்கா நான் அளந்தனான்? அளந்த இடத்தில வாசிப்பம்."

காலனியின் முன்பள்ளிக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடினார்கள். சின்னக் கதிரைகளில் பெரியவர்கள் முழங்காலை மடித்து இருந்தார்கள். திரை இல்லை. கலண்டர்த் தாளைச் சுவரில் குத்தினோம். அவள் தமிழில் பேசினாள், வீட்டில் நான் கேட்ட அந்த உரத்த தமிழில். ஒவ்வொரு கிணற்றையும் வீட்டின் பெயர் சொல்லித்தான் காட்டினாள். நாய் கடிக்கிற வீட்டுக்காரர் எழும்பி, நாய் செத்து மூன்று மாதம், பெயரை மாற்று என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பின்னால் இருந்து ஒரு பெண் கை காட்டினா. வெயிலில் கறுத்த, குரல் கரகரத்த மனுசி.

"ஏம்புள்ள, எங்க கெணத்துல நீ எடுத்தது மழை பேஞ்ச மறுநாளு. அன்னைக்கு ஒழுங்கை வெள்ளமெல்லாம் கெணத்துக்குள்ளதான் விழுந்துச்சு. அந்தத் தண்ணி எங்க தண்ணியே இல்லையே. அத எப்புடி எங்க கணக்குல போட்ட?"

அவள் கொப்பியைப் புரட்டித் திகதியைப் பார்த்தாள். சரிதான். மழைக்குப் பிறகு எடுத்த அளவுகளில் அந்த ஒன்று பிழை. பீடத்தில் மூன்று பரிசோதகர்கள் பார்த்தும், நான் பல தரம் பார்த்தும் பிடிபடாத பிழை. "நீங்க சொல்றது சரி அத்தை. அத வெட்டிடுறேன்," என்று எல்லோருக்கும் முன்னால் அந்த எண்ணின் மேல் கோடு கீறினாள். ஏழு கிணறுகளை வெட்ட மறுத்தவள் ஒன்றை வெட்டினாள். இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தை நான் அவளுக்குப் படிப்பிக்கவில்லை.

பிறகு அந்தச் சனமே ஒரு கடிதம் எழுதி, வரைபடத்தின் பிரதியை இணைத்து, திணைக்களத்துக்குக் கொடுத்தது. ஓர் உத்தியோகத்தர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். வாய்க்கால் நீளவில்லை. ஆனால் அடுத்த முறை அச்சான வரைபடத்தில் காலனிக்குள் போகும் கோடு இல்லை. சிறிய விசயம்தான். இல்லாத தண்ணீரை இருக்கிறது என்று இனி யாரும் அவர்களுக்குச் சொல்ல முடியாது.

என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் ஒரு வருடம் பிந்தித்தான் வந்தது. அந்த ஒரு வருடமும் நடையில் துறைத்தலைவரைக் கண்டால் நான்தான் முதலில் வணக்கம் சொன்னேன், நன்றாகக் கேட்கும்படி.

ஆய்வைக் கட்டுரையாக எழுதினோம். ஆசிரியர் பெயர்களில் அவளுடையது முதலாவது, என்னுடையது இரண்டாவது. மூன்றாவதாகத் தன் பெயரும் வரலாம் என்று துறைத்தலைவர் வேறொருவர் மூலம் சொல்லி அனுப்பினார். அப்படி ஒரு செய்தி வந்தது என்றே நான் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு ஆய்விதழ்களில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

அவள் இப்போது ஒட்டுசுட்டான் பக்கம் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறாள். போன மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியில் எடுத்தாள். பின்னால் உழவு இயந்திரச் சத்தம் கேட்டது. வயல் அழிவு பற்றி மேலிடத்துக்கு அனுப்புகிற, காரணத்துக்கொரு நிரலாகக் கோடு போட்ட படிவம் ஒன்றைப் பற்றிச் சொன்னாள்.

"வெள்ளத்துக்கு நிரல் இருக்கு மிஸ், வறட்சிக்கு இருக்கு, பூச்சிக்கு இருக்கு. யானைக்கு மட்டும் இல்லை. இஞ்ச முக்கால்வாசி அழிவு யானையால. 'ஏனையவை' எண்டதில போடச் சொல்லினம்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"அடிமட்டம் வச்சு ஒரு நிரல் கீறி, யானை எண்டு எழுதி அனுப்பினன்."

"பேந்து?"

"திருப்பி அனுப்பிச்சினம்."

"பேந்து?"

"திரும்பவும் கீறி அனுப்பினன்," என்றாள். யாரோ அவளை வரம்பிலிருந்து கூப்பிட்டார்கள். "வாறன்!" என்று கத்தினாள், காலனியில் நான் கேட்ட அதே குரலில். பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.